வாஷிங்டன் (குடும்பப் பெயர்)

வாஷிங்டன் என்பது இங்கிலாந்தின் வடகிழக்கில் உள்ள ஓர் ஊரின் பெயரிலிருந்து உருவான ஆங்கிலக் குடும்பப் பெயர். 12ஆம் நூற்றாண்டில் அவ்வூரின் நிலவுரிமையைப் பெற்ற வில்லியம் என்ற நிலக்கிழாரின் குடும்பம் இப்பெயரை ஏற்றது. அக்குடும்பத்தின் ஒரு கிளை லங்காஷயர், நார்தாம்டன்ஷயர், எசெக்ஸ் வழியாக 17ஆம் நூற்றாண்டில் அமெரிக்காவின் வர்ஜீனியாவுக்குச் சென்றது. அமெரிக்க ஐக்கிய நாடுகளின் முதல் குடியரசுத் தலைவர் ஜார்ஜ் வாஷிங்டன் (1732–1799) அக்கிளையில் பிறந்தவர்.

இன்று அமெரிக்காவில் இப்பெயரைத் தாங்கியவர்களில் பத்தில் ஒன்பது பேர் ஆப்பிரிக்க அமெரிக்கர்கள். அடிமைகளை உடைமையாக வைத்திருந்த ஒரு குடும்பத்தின் பெயர், அடிமைத்தளையிலிருந்து விடுபட்ட மக்களின் பெயராக மாறியதே இக்குடும்பப் பெயரின் வரலாற்றில் குறிப்பிடத்தக்க நிகழ்வு.

பெயரின் பொருள்

வாஷிங்டன் என்ற ஊர் டைன், வேர் ஆறுகளுக்கு இடைப்பட்ட பகுதியில் உள்ளது. முற்காலத்தில் டர்ஹாம் கவுண்டியைச் சேர்ந்திருந்தது. இன்று டைன் அண்ட் வேர் பகுதியில் அடங்கும். ஊர்ப்பெயர் பழைய ஆங்கில மொழியைச் சேர்ந்தது. அதில் மூன்று உறுப்புகள் உள்ளன. முதலாவது ஹ்வாசா என்ற ஆளின் பெயர். இரண்டாவது அந்த ஆளோடு தொடர்புடையோரைக் குறிக்கும் 'இங்' என்ற இடைச்சொல். மூன்றாவது 'டூன்' என்ற சொல். வேலியிட்ட பண்ணை, குடியிருப்பு என்பது அதன் பொருள். இன்றைய ஆங்கிலத்தில் நகரத்தைக் குறிக்கும் 'டவுன்' என்ற சொல் அதிலிருந்து வந்ததே. ஆகவே 'ஹ்வாசாவைச் சார்ந்தோரின் பண்ணை' என்று ஊர்ப்பெயருக்குப் பொருள் கொள்ளலாம். கென்சிங்டன், டார்லிங்டன் முதலிய ஊர்ப்பெயர்களும் இதே முறையில் அமைந்தவை.

இங்கிலாந்தின் தென்பகுதியில், மேற்கு சசெக்ஸிலும் வாஷிங்டன் என்ற ஊர் உண்டு. அது வஸ்ஸா என்பவரின் பெயரால் தனியாக உருவானது. அமெரிக்கத் தலைவரின் முன்னோர்கள் வடக்கில் உள்ள ஊரைச் சேர்ந்தவர்கள்.

இடைக்கால ஆவணங்களில் இப்பெயர் வஸ்ஸிங்டோனா, வெஸ்ஸிங்டன், வெசிங்டன் எனப் பல வடிவங்களில் காணப்படுகிறது. எழுத்துமுறை நிலைபெறாத காலத்தில் எழுத்தர்கள் தாம் கேட்ட ஒலிக்கு ஏற்ப எழுதினர். ஒரே குடும்பத்தின் பெயர் வெவ்வேறு ஆவணங்களில் வெவ்வேறு விதமாக இருப்பது அக்காலத்தில் இயல்பு.

ஊர்ப்பெயர் குடும்பப் பெயரானது

1066இல் நார்மன்கள் இங்கிலாந்தைக் கைப்பற்றுவதற்கு முன்பு பெரும்பாலான ஆங்கிலேயர்களுக்கு ஒற்றைப் பெயரே இருந்தது. நார்மன் ஆட்சியில் நிலம் யாருக்கு உரியது, அது எந்த மகனுக்குச் செல்கிறது என்பதை எழுத்தில் பதியும் தேவை வளர்ந்தது. அதனால் தலைமுறை தலைமுறையாகத் தொடரும் குடும்பப் பெயர்கள் முதலில் நிலக்கிழார்களிடையே தோன்றின. 1400ஆம் ஆண்டை ஒட்டிய காலத்துக்குள் இவ்வழக்கம் பெரும்பாலான பொதுமக்களிடமும் பரவிவிட்டது.

ஆங்கிலக் குடும்பப் பெயர்களைப் பொதுவாக நான்கு வகைகளாகப் பிரிப்பர். ஊர் அல்லது இடத்தால் வந்தவை, தொழிலால் வந்தவை, தந்தையின் பெயரால் வந்தவை, பட்டப்பெயரால் வந்தவை. கொல்லரைக் குறிக்கும் ஸ்மித் தொழிற்பெயர். ஜானின் மகன் எனப் பொருள்படும் ஜான்சன் தந்தை வழிப் பெயர். வாஷிங்டன் முதல் வகையைச் சேர்ந்தது.

இப்பெயர் ஒரு குடும்பத்தோடு சேர்ந்த காலத்தை ஓர் ஆவணம் காட்டுகிறது. டர்ஹாம் பிஷப் ஹியூ டு புய்செட் 1183இல் தம் நிலங்களையும் அவற்றிலிருந்து வரவேண்டிய வருவாயையும் கணக்கெடுத்துப் பதிவு செய்தார். போல்டன் புத்தகம் எனப்படும் அப்பதிவில், வில்லியம் டி ஹெர்ட்பர்ன் என்பவர் ஹெர்ட்பர்ன் ஊருக்கு மாற்றாக வெஸ்ஸிங்டனை வைத்திருப்பதாகக் குறிப்பு உள்ளது. தேவாலயமும் அதற்குரிய நிலமும் அந்த உரிமையில் சேரவில்லை. அவர் செலுத்த வேண்டிய தொகை 4 பவுண்டு. பிஷப்பின் பெருவேட்டையின்போது நான்கு வேட்டை நாய்களுடன் செல்லும் கடமையும் அவருக்கு இருந்தது.

ஹெர்ட்பர்னில் இருந்தவரை 'ஹெர்ட்பர்னைச் சேர்ந்த வில்லியம்' என அழைக்கப்பட்டவர், ஊர் மாறியபின் 'வெஸ்ஸிங்டனைச் சேர்ந்த வில்லியம்' ஆனார். 'டி' என்ற பிரெஞ்சு முன்னொட்டுக்கு 'இன்ன ஊரைச் சேர்ந்த' என்பது பொருள். காலப்போக்கில் முன்னொட்டு உதிர்ந்தது. ஊரைவிட்டுச் சென்ற பின்னும் பெயர் குடும்பத்தோடு நிலைத்தது. அந்த நில மாற்றம் நடக்காமல் இருந்திருந்தால் அமெரிக்கத் தலைநகரின் பெயர் ஹெர்ட்பர்ன் என்று இருந்திருக்கக்கூடும்.

வடக்கிலிருந்து தெற்கு நோக்கி

வாஷிங்டன் ஊரில் தங்கிய மூத்த கிளையில் 14ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆண் வாரிசு இல்லாமல் போயிற்று. நிலம் மகள் வழியாக வேறு குடும்பத்துக்குச் சென்றது. இப்பெயர் கொண்ட ஜான் என்பவர் 1416 முதல் 1446 வரை டர்ஹாம் மடத்தின் தலைவராக இருந்தார்.

13ஆம் நூற்றாண்டில் ஓர் இளைய கிளை திருமண உறவின் வழியாக மேற்கே வெஸ்ட்மோர்லாந்து, லங்காஷயர் பகுதிகளில் நிலம் பெற்றது. லங்காஷயரில் கார்ன்போர்த் அருகே உள்ள வார்ட்டன் என்ற ஊரில் அக்கிளை பல தலைமுறைகள் வாழ்ந்தது. வார்ட்டன் தேவாலயக் கோபுரத்தில் இக்குடும்பத்தின் குலச்சின்னம் கல்லில் செதுக்கப்பட்டிருந்தது.

வார்ட்டனில் 1500ஆம் ஆண்டை ஒட்டிப் பிறந்த லாரன்ஸ் வாஷிங்டன் குடும்பத்தின் நிலையை உயர்த்தியவர். அவருடைய தாய், பெரும் வணிகரான சர் தாமஸ் கிட்சனின் உறவினர். கம்பளி வணிகம் இங்கிலாந்தின் முதன்மையான செல்வ வழியாக இருந்த காலம் அது. லாரன்ஸ் நார்தாம்டன் நகருக்குச் சென்று, ஒரு கம்பளி வணிகரின் விதவையை மணந்து, தானும் அத்தொழிலில் வளர்ந்தார். 1532இலும் 1545இலும் அந்நகரின் மேயராக இருந்தார்.

எட்டாம் ஹென்றி மன்னர் மடாலயங்களைக் கலைத்து அவற்றின் நிலங்களை விற்றபோது, நார்தாம்டனின் செயின்ட் ஆண்ட்ரூ மடத்துக்குச் சொந்தமாயிருந்த சல்கிரேவ் நிலத்தை லாரன்ஸ் 1539இல் வாங்கினார். விலை 324 பவுண்டுக்குச் சற்று அதிகம். அங்கு அவர் கட்டிய மாளிகையே சல்கிரேவ் மேனர். வணிகராக இருந்தவரின் குடும்பம் இதன்மூலம் மீண்டும் நிலக்கிழார் நிலையை அடைந்தது.

அந்த வளம் நீடிக்கவில்லை. லாரன்ஸின் மகன், பேரன் காலத்தில் பொருள்நிலை தளர்ந்தது. 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சல்கிரேவ் உறவினர் கைக்கு மாறியது. 1659இல் குடும்பத்துக்கு வெளியே விற்கப்பட்டது.

குலச்சின்னம்

வாஷிங்டன் குடும்பத்தின் குலச்சின்னம் வெள்ளைப் பின்புலத்தில் இரண்டு சிவப்புக் குறுக்குப் பட்டைகளும் அவற்றுக்கு மேலே மூன்று சிவப்பு ஐந்துமுனை நட்சத்திரங்களும் கொண்டது. 14ஆம் நூற்றாண்டில் இவ்வடிவம் வழக்கில் இருந்தது. சல்கிரேவ் மாளிகையின் நுழைவாயில் வளைவிலும், நார்தாம்டன்ஷயரின் கிரேட் பிரிங்டன் தேவாலயத்தில் 1616இல் இறந்த மற்றொரு லாரன்ஸ் வாஷிங்டனின் கல்லறையிலும் இச்சின்னம் உள்ளது.

அமெரிக்க தேசியக்கொடியின் நட்சத்திரங்களும் பட்டைகளும் இச்சின்னத்திலிருந்து வந்தவை என்ற நம்பிக்கை 19ஆம் நூற்றாண்டில் பரவியது. அதற்கு ஆவணச் சான்று இல்லை. 1777ஆம் ஆண்டு ஜூன் 14 அன்று நிறைவேறிய கொடித் தீர்மானம் பதின்மூன்று மாநிலங்களைக் குறிக்கப் பதின்மூன்று பட்டைகளையும் பதின்மூன்று நட்சத்திரங்களையும் வகுத்தது. வாஷிங்டன் குடும்பத்தை அது குறிப்பிடவில்லை. ஆனால் வாஷிங்டன் டி.சி. நகரத்தின் கொடி நேரடியாக இக்குலச்சின்னத்தைக் கொண்டது. 1938இல் அது ஏற்கப்பட்டது. போரில் காயமுற்ற அமெரிக்க வீரர்களுக்கு வழங்கப்படும் பர்ப்பிள் ஹார்ட் பதக்கத்திலும் இச்சின்னம் இடம்பெற்றுள்ளது.

உள்நாட்டுப் போரும் புலம்பெயர்வும்

சல்கிரேவ் லாரன்ஸின் வழித்தோன்றல்களில் ஒருவரும் லாரன்ஸ் என்றே பெயர் பெற்றிருந்தார் (1602–1653). இவர் ஆக்ஸ்போர்டின் பிரேஸ்நோஸ் கல்லூரியில் ஆய்வுநிலை உறுப்பினராக இருந்து, பின்னர் எசெக்ஸில் உள்ள பர்லே ஊரின் பங்குக் குருவானார். 1642இல் மன்னர் முதலாம் சார்லஸுக்கும் நாடாளுமன்றத்துக்கும் இடையே உள்நாட்டுப் போர் மூண்டது. வாஷிங்டன் குடும்பம் மன்னர் பக்கம் நின்றது. குடும்பத்தைச் சேர்ந்த கர்னல் ஹென்றி வாஷிங்டன் 1646இல் வூஸ்டர் நகரை மன்னருக்காகக் காத்து நின்றார்.

பங்குக் குரு லாரன்ஸ் 1643இல் பதவியிலிருந்து நீக்கப்பட்டார். மதுக்கடைகளுக்கு அடிக்கடி செல்கிறார் என்பது அவர்மீது கூறப்பட்ட குற்றச்சாட்டு. மன்னர் ஆதரவாளர்களான குருமார்களை நீக்க இத்தகைய குற்றச்சாட்டுகள் பயன்படுத்தப்பட்டன. வருவாயை இழந்த அவர், லிட்டில் பிராக்ஸ்டெட் என்ற சிற்றூரின் ஏழைப் பங்கில் பணிபுரிந்து, மால்டன் நகரில் அடக்கம் செய்யப்பட்டார். அவருடைய பிள்ளைகளுக்கு இங்கிலாந்தில் சொல்லத்தக்க சொத்து எதுவும் மிஞ்சவில்லை.

மூத்த மகன் ஜான் வாஷிங்டன் கடல் வணிகத்தில் இறங்கினார். 1656இல் ஸீ ஹார்ஸ் என்ற கப்பலில் துணை அலுவலராக வர்ஜீனியாவுக்குப் புறப்பட்டார். புகையிலை ஏற்றிக்கொண்டு திரும்பும் வேளையில், 1657ஆம் ஆண்டின் தொடக்கத்தில், கப்பல் பொட்டோமாக் ஆற்றில் தரைதட்டியது. ஜான் அங்கேயே தங்க முடிவு செய்தார். நத்தானியேல் போப் என்ற நிலக்கிழாரின் மகள் ஆனை மணந்தார். மாமனார் 700 ஏக்கர் நிலத்தைத் திருமணச் சீராக அளித்தார். ஜான் புகையிலைத் தோட்ட உரிமையாளராகவும் உள்ளூர்ப் படையின் கர்னலாகவும் உயர்ந்தார். 1674இல் அவரும் நிக்கோலஸ் ஸ்பென்சர் என்பவரும் சேர்ந்து பெற்ற 5,000 ஏக்கர் நிலத்தின் ஒரு பகுதியே பின்னாளில் மவுண்ட் வெர்னன் பண்ணையாயிற்று. அவருடைய தம்பி லாரன்ஸும் வர்ஜீனியாவில் குடியேறினார்.

ஜார்ஜ் வாஷிங்டன்

ஜானின் மகன் லாரன்ஸ், லாரன்ஸின் மகன் அகஸ்டின், அகஸ்டினின் மகன் ஜார்ஜ். ஜார்ஜ் வாஷிங்டன் 1732 பிப்ரவரி 22 அன்று பிறந்தார். புலம்பெயர்ந்த ஜானுக்கு அவர் கொள்ளுப்பேரன்.

தம் குடும்பப் பெயரின் தோற்றம் பற்றி ஜார்ஜ் வாஷிங்டனுக்கு அதிக ஆர்வம் இருக்கவில்லை. இங்கிலாந்தின் குலச்சின்னத் துறையில் உயர்பதவியில் இருந்த சர் ஐசக் ஹெர்ட், குடும்ப வரலாற்றைக் கேட்டு அவருக்குக் கடிதம் எழுதினார். 1792 மே மாதம் அதற்கு வாஷிங்டன் பதில் எழுதினார். இப்பொருளில் தாம் மிகக் குறைவாகவே கவனம் செலுத்தியதாக அதில் ஒப்புக்கொண்டார். முன்னோர் வட இங்கிலாந்திலிருந்து வந்ததாகப் பெரியவர்கள் சொல்லக் கேட்டதுண்டு என்றும், அது லங்காஷயரா, யார்க்ஷயரா, இன்னும் வடக்கா என்பது நினைவில் இல்லை என்றும் குறிப்பிட்டார். அவர் நினைவுகூர்ந்த திசை சரியானதே. வர்ஜீனியாவின் ஜானுக்கும் பர்லே பங்குக் குருவுக்கும் உள்ள உறவை அமெரிக்க மரபுவழி ஆய்வாளர் ஹென்றி பிட்ஸ்-கில்பர்ட் வாட்டர்ஸ் 1889இல் வெளியிட்ட ஆய்வில் நிறுவினார்.

ஜார்ஜ் வாஷிங்டனுக்குச் சொந்தப் பிள்ளைகள் இல்லை. வர்ஜீனியாவில் இரத்த உறவின் வழியே இப்பெயரைத் தொடர்ந்தவர்கள் அவருடைய சகோதரர்களின் வழித்தோன்றல்களும் குடும்பத்தின் பிற கிளைகளைச் சேர்ந்தவர்களும் ஆவர்.

மவுண்ட் வெர்னனின் அடிமைகள்

1743இல் தந்தை இறந்தபோது பதினொரு வயதுச் சிறுவனான ஜார்ஜுக்குப் பத்து அடிமைகள் மரபுரிமையாக வந்தனர். 1799இல் அவர் தயாரித்த பட்டியலில் மவுண்ட் வெர்னன் பண்ணையில் 317 அடிமைகள் இருந்தனர். அவர்களில் 123 பேர் அவருக்குச் சொந்தமானவர்கள். 153 பேர் அவருடைய மனைவி மார்த்தாவின் முதல் கணவர் வழிச் சொத்தைச் சேர்ந்தவர்கள். எஞ்சியோரில் பெரும்பாலோர் வாடகைக்கு அமர்த்தப்பட்டவர்கள்.

இப்பட்டியலில் பெரும்பாலோர் ஒற்றைப் பெயரால் மட்டுமே குறிக்கப்பட்டனர். அடிமைகளுக்குக் குடும்பப் பெயர் உண்டு என்பதைச் சட்டமும் உரிமையாளர்களும் ஏற்கவில்லை. குடும்பம் என்ற உறவையே சட்டம் ஏற்காத நிலையில், குடும்பப் பெயருக்கும் இடமில்லை. ஆனால் அவர்களில் பலருக்கு ஒரு குடும்பப் பெயர் இருந்தது. போர்க்களத்திலும் ஜார்ஜ் வாஷிங்டனின் அருகில் பணிபுரிந்த வில்லியம் லீ, அவரை விற்ற முந்தைய உரிமையாளரின் குடும்பப் பெயரைத் தாங்கியவர். 1797இல், வாஷிங்டனின் பிறந்தநாளன்று மவுண்ட் வெர்னனிலிருந்து தப்பிய சமையற்காரர் ஹெர்குலிஸ் போசியின் பெயரும் அவ்வாறு வந்ததே. வாஷிங்டனின் அடிமைகள் எல்லோரும் வாஷிங்டன் என்ற பெயரைப் பெற்றனர் என்பது தவறான கருத்து.

1799 டிசம்பர் 14 அன்று ஜார்ஜ் வாஷிங்டன் இறந்தார். தமக்குச் சொந்தமான அடிமைகளை மார்த்தாவின் மறைவுக்குப் பின் விடுதலை செய்ய வேண்டும் என உயில் எழுதியிருந்தார். வில்லியம் லீக்கு மட்டும் உடனடி விடுதலை அளித்தார். மார்த்தா 1801 ஜனவரி 1 அன்றே கணவரின் அடிமைகளை விடுவித்தார். முதல் கணவர் வழிச் சொத்தாக வந்தவர்களை விடுவிக்கும் உரிமை இருவருக்கும் இல்லை. மார்த்தாவின் மறைவுக்குப் பின் அவர்கள் பேரப்பிள்ளைகளிடையே பங்கிடப்பட்டனர். மணவாழ்வால் இணைந்த குடும்பங்கள் இதனால் பிரிந்தன.

மவுண்ட் வெர்னனைப் பெற்ற அண்ணன் மகனோ தம்பி மகனோ எவரும் இவ்விடுதலையைப் பின்பற்ற வேண்டிய கட்டாயம் இருக்கவில்லை. அமெரிக்க உச்ச நீதிமன்ற நீதிபதியாக இருந்த தம்பி மகன் புஷ்ராட் வாஷிங்டன் தன் சொந்த அடிமைகளுடன் அப்பண்ணையை நடத்தினார். 1821இல் 54 பேரை லூசியானாவுக்கு விற்றார்.

ஹாரி வாஷிங்டன்

இப்பெயரைத் தாங்கிய ஆப்பிரிக்கர்களில் மிகப் பழைய காலத்தவர்களுள் ஒருவர் ஹாரி வாஷிங்டன். காம்பியா ஆற்றுப் பகுதியில் 1740ஐ ஒட்டிப் பிறந்தவர். 1763இல் ஜார்ஜ் வாஷிங்டன் இவரை விலைக்கு வாங்கி, சதுப்பு நிலத்தை வடிக்கும் பணியில் ஈடுபடுத்தினார். பின்னர் மவுண்ட் வெர்னனுக்குக் கொண்டுவந்தார். 1771இல் ஹாரி தப்பியோடிப் பிடிபட்டார்.

1775 நவம்பரில் வர்ஜீனியாவின் பிரிட்டிஷ் ஆளுநர் டன்மோர் பிரபு ஓர் அறிவிப்பை வெளியிட்டார். கிளர்ச்சியாளர்களின் அடிமைகள் பிரிட்டிஷ் படையில் சேர்ந்தால் விடுதலை பெறுவர் என்பது அதன் சாரம். அடுத்த ஆண்டு ஹாரி மீண்டும் தப்பிச் சென்று படையில் சேர்ந்தார். உரிமையாளர் அமெரிக்க விடுதலைக்காகப் போரிட்டார். அவருடைய அடிமை தன் விடுதலைக்காக எதிரணியில் நின்றார்.

1783இல் தோல்வியுற்ற பிரிட்டிஷார் நியூயார்க்கை விட்டு வெளியேறியபோது, தம்முடன் வந்த கறுப்பின மக்களின் பெயர்களை ஒரு பதிவேட்டில் எழுதினர். அதில் 43 வயதான ஹாரி வாஷிங்டன் என்ற பெயர் உள்ளது. தளபதி வாஷிங்டனின் உடைமையாக இருந்தவர், ஏழாண்டுகளுக்கு முன் அவரை விட்டு வந்தவர் என்ற குறிப்பும் உண்டு.

ஹாரி கனடாவின் நோவா ஸ்கோஷியாவில் குடியேறினார். அங்கு நிலமும் வேலையும் போதிய அளவில் கிடைக்காததால் 1792இல் ஆப்பிரிக்காவின் சியரா லியோனுக்குச் சென்றார். அங்கு குடியேறியவர்கள்மீது நிர்வாகம் நிலவரி விதித்தது. 1800இல் அதை எதிர்த்து எழுந்த கிளர்ச்சியில் ஹாரியும் பங்கேற்றார். கிளர்ச்சி ஒடுக்கப்பட்டு அவர் புல்லோம் கரைக்கு நாடு கடத்தப்பட்டார். வரி விதிப்பை எதிர்த்துத் தொடங்கிய போராட்டத்தால் ஜார்ஜ் வாஷிங்டன் ஒரு நாட்டின் தலைவரானார். அதே காரணத்துக்காக எழுந்த ஹாரி வாஷிங்டன் தண்டிக்கப்பட்டார்.

விடுதலைக்குப் பின்

1850, 1860ஆம் ஆண்டுகளின் அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் அடிமைகள் தனிப் பட்டியலில் சேர்க்கப்பட்டனர். உரிமையாளரின் பெயருக்குக் கீழே அடிமையின் வயது, பால், நிறம் ஆகியவை மட்டும் எழுதப்பட்டன. பெயர் எழுதும் வழக்கம் இல்லை. 1865இல் அடிமைமுறை ஒழிக்கப்பட்டபின், 1870ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில்தான் முன்னாள் அடிமைகள் முழுப்பெயருடன் பதிவாயினர்.

திருமணப் பதிவு, கூலி ஒப்பந்தம், படைவீரர் ஓய்வூதியம், பள்ளிச் சேர்க்கை, வாக்குரிமை ஆகிய அனைத்துக்கும் குடும்பப் பெயர் தேவைப்பட்டது. சிலர் ஏற்கெனவே தம்மிடையே வழங்கிவந்த பெயரை வெளிப்படையாகச் சொன்னார்கள். சிலர் முந்தைய உரிமையாளர்களின் பெயரை வைத்துக்கொண்டனர். பிரிந்துபோன உறவினர்கள் தேடிவந்தால் கண்டுபிடிக்க அது உதவும் என்பது ஒரு காரணம். சிலர் புதிய பெயரைத் தேர்ந்தெடுத்தனர்.

புதிதாகத் தேர்ந்தெடுத்தவர்களில் பலருக்கு வாஷிங்டன் என்ற பெயர் உகந்ததாக இருந்தது. நாட்டின் விடுதலையோடு சேர்த்து எல்லோரும் அறிந்திருந்த பெயர் அது. ஜார்ஜ் வாஷிங்டன் தம் அடிமைகளை உயில் மூலம் விடுவித்த செய்தியும் பரவலாகத் தெரிந்திருந்தது. அப்பெயரை ஏற்றவர்கள் தாமும் அந்நாட்டின் குடிமக்கள் என்பதை அறிவித்தனர். வர்ஜீனியாவின் வாஷிங்டன் குடும்பக் கிளைகளிடம் அடிமைகளாக இருந்தவர்கள் வழியாகவும் பெயர் தென்மாநிலங்களில் பரவியது.

புக்கர் டி. வாஷிங்டன்

பெயர்த் தேர்வு நிகழ்ந்த முறைக்கு நன்கு ஆவணப்படுத்தப்பட்ட எடுத்துக்காட்டு, கறுப்பினக் கல்வியாளர் புக்கர் டி. வாஷிங்டன் (1856–1915). வர்ஜீனியாவில் அடிமையாகப் பிறந்த அவர், விடுதலைக்குப் பின் தாயுடன் மேற்கு வர்ஜீனியாவின் மால்டனுக்குச் சென்றார். அதுவரை அவர் அறிந்திருந்த தம் பெயர் புக்கர் மட்டுமே. பள்ளியில் சேர்ந்தபோது மற்றப் பிள்ளைகளுக்கு இரண்டு பெயர்களும் சிலருக்கு மூன்று பெயர்களும் இருப்பதைக் கண்டு கலங்கினார். ஆசிரியர் வருகைப் பதிவுக்காக முழுப்பெயரைக் கேட்டபோது, புக்கர் வாஷிங்டன் என்று அமைதியாகப் பதில் சொன்னார். அவருடைய வளர்ப்புத் தந்தையின் பெயர் வாஷிங்டன் பெர்குசன். தாய் தனக்குப் பிறந்தபோதே டாலியாபெரோ என்ற பெயரையும் சேர்த்து வைத்திருந்ததைப் பின்னர் அறிந்து, அதை நடுப்பெயராக்கிக்கொண்டார்.

1901இல் வெளியான தன்வரலாற்றில் இந்நிகழ்ச்சியை அவரே பதிவு செய்துள்ளார். விடுதலை பெற்றவர்கள் உரிமையாளரின் பெயரைத் தாங்குவது முறையல்ல எனக் கருதியதையும், லிங்கன், ஷெர்மன் போன்ற பெயர்களை ஏற்றதையும் அந்நூல் கூறுகிறது. எதையும் குறிக்காத ஒரு நடு எழுத்தைக்கூடச் சிலர் பெருமையாகச் சேர்த்துக்கொண்டனர். 1881இல் டஸ்கிகி கல்வி நிறுவனத்தின் முதல் தலைவரான புக்கரின் புகழ், வாஷிங்டன் என்ற பெயருக்குக் கறுப்பின மக்களிடையே மேலும் மதிப்பைச் சேர்த்தது.

இன்றைய நிலை

2000ஆம் ஆண்டு அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி வாஷிங்டன் என்ற குடும்பப் பெயர் கொண்டவர்கள் 1,63,036 பேர். அவர்களில் ஏறத்தாழ 90 விழுக்காட்டினர் கறுப்பினத்தவர். வெள்ளையர் சுமார் 5 விழுக்காடு. அந்நாட்டில் பரவலாக வழங்கும் குடும்பப் பெயர்களில் கறுப்பினத்தவர் பங்கு இவ்வளவு உயர்ந்த பெயர் வேறில்லை. 2010இல் இப்பெயர் கொண்டவர்கள் 1,77,386 பேர்.

ஆப்பிரிக்க அமெரிக்கர்களில் இப்பெயரால் புகழ்பெற்றோர் பலர். வால்டர் வாஷிங்டன் 1975இல் வாஷிங்டன் டி.சி.யின் தேர்ந்தெடுக்கப்பட்ட மேயராகப் பொறுப்பேற்றார். அடிமைகளின் வழித்தோன்றலான அவருடைய பெயரும் தலைநகரின் பெயரும் ஒன்றாக அமைந்தன. ஹரால்டு வாஷிங்டன் 1983இல் சிகாகோவின் முதல் கறுப்பின மேயராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். நடிகர் டென்சல் வாஷிங்டன் இருமுறை ஆஸ்கர் விருது பெற்றவர். ரூத் ஜோன்ஸ் என்ற பெயருடன் பிறந்த பாடகி டைனா வாஷிங்டன் இப்பெயரை மேடைப் பெயராக ஏற்றார்.

முதற்பெயராக

ஜார்ஜ் வாஷிங்டனின் புகழால் இக்குடும்பப் பெயர் பிள்ளைகளுக்கு இடும் முதற்பெயராகவும் மாறியது. 1783இல் பிறந்த எழுத்தாளர் வாஷிங்டன் இர்விங் அவ்வாறு பெயரிடப்பட்டவர். பிற்காலத்தில் ஜார்ஜ் வாஷிங்டனின் வாழ்க்கை வரலாற்றை ஐந்து தொகுதிகளாக அவர் எழுதினார். பிரேசிலின் குடியரசுத் தலைவராக 1926 முதல் 1930 வரை இருந்தவர் வாஷிங்டன் லூயிஸ்.

தமிழ்நாட்டில் இப்பெயருக்கு அறியப்பட்ட எடுத்துக்காட்டு, 1999இல் சென்னையில் பிறந்த கிரிக்கெட் வீரர் வாஷிங்டன் சுந்தர். அவருடைய தந்தையின் இளமையில் பள்ளிக் கட்டணத்துக்கும் புத்தகங்களுக்கும் உதவிய முன்னாள் இராணுவ வீரர் ஒருவரின் பெயர் வாஷிங்டன். அந்த நன்றியின் நினைவாகவே மகனுக்கு இப்பெயர் சூட்டப்பட்டது.

நினைவிடங்கள்

அமெரிக்கத் தலைநகருக்கு 1791இல் இப்பெயர் இடப்பட்டது. 1889இல் வாஷிங்டன் ஒரு மாநிலமாகவும் இணைந்தது. சல்கிரேவ் மாளிகையை 1914இல் பிரிட்டிஷ் மக்கள் நிதி திரட்டி வாங்கினர். பிரிட்டனுக்கும் அமெரிக்காவுக்கும் இடையே நூறாண்டுகள் நிலவிய அமைதியின் நினைவாக அது காக்கப்பட்டு, 1921இல் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது.

பெயர் தோன்றிய ஊரில் உள்ள வாஷிங்டன் பழைய மாளிகை 19ஆம் நூற்றாண்டில் ஏழைக் குடும்பங்கள் பலவும் பிரித்துக்கொண்டு வாழ்ந்த குடியிருப்பாக மாறியிருந்தது. இடிக்கப்படும் நிலைக்கு வந்த அதை 1930களில் உள்ளூர் மக்கள் முயன்று காத்தனர். 1957 முதல் நேஷனல் டிரஸ்ட் அமைப்பு அதைப் பராமரித்து வருகிறது.

மதிப்பீடு

குடும்பப் பெயரைக் கொண்டு ஒருவரின் இரத்த உறவை முடிவு செய்ய இயலாது என்பதற்கு வாஷிங்டன் என்ற பெயர் தெளிவான சான்று. வில்லியம் டி ஹெர்ட்பர்ன் தாம் பெற்ற நிலத்தின் பெயரை ஏற்றார். அவர் வழிவந்தோர் அந்நிலத்தை இழந்த பின்னும் பெயரை வைத்திருந்தனர். இன்று அப்பெயரைத் தாங்கும் பெரும்பாலோரின் முன்னோர்கள், தம்மை ஒரு பொருளாகப் பட்டியலிட்ட நாட்டில், பெயரும் குடும்பமும் உள்ள மனிதர்களாகப் பதிவாவதற்கு அதைத் தேர்ந்தெடுத்தவர்கள். ஹ்வாசாவின் பண்ணையைக் குறித்த சொல், அவர்கள் வாயிலாகவே இன்றும் ஒரு குடும்பப் பெயராகப் பரவலாக வாழ்கிறது.